அதே ஆள்தானா?

ஓர் அலுவலகம் நம் முன் ஒரு பட்டியலை வைத்து, "இதிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்" என்கிறது. நாமும் அதிலிருந்தே ஒன்றைத் தெரிவு செய்து நீட்டுகிறோம். அலுவலகம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எமது பட்டியலில் இல்லை" என்று திருப்பித் தருகிறது. மனிதர் ஒருவர் இப்படி நடந்துகொண்டால் நாம் குரலை உயர்த்துவோம். கணனி இப்படி நடந்துகொண்டபோது நான் குரலை உயர்த்தவில்லை. எனது விரல்களைத்தான் சந்தேகித்தேன்.

சம்பவம் நடந்து இரண்டு வருடங்களாகின்றன. எனது பத்தாந்தர வகுப்பு மாணவன் ஒருவனுக்காக உதவித்தொகை விண்ணப்பமொன்றை இணையத்தின் வழியே நிரப்ப வேண்டியிருந்தது. அவனுடைய வீட்டில் கணனி கிடையாது. பாடசாலைக் கணனி அறையில் மின்சாரம் இருந்த ஒரு பிற்பகலில் இருவரும் அமர்ந்தோம். பெயர், பிறந்த திகதி, முகவரி எல்லாம் எழுதி முடித்தபின் "பாடசாலை" என்றொரு கட்டம் வந்தது. அதன் ஓரத்திலிருந்த சிறு அம்புக்குறியை அழுத்தினால் பாடசாலைகளின் பெயர்கள் நீளமாகக் கீழே விரியும். ட்ரொப்டவுன் என்கிறார்கள். நூற்று நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்கள். எமது பாடசாலை பிந்தித் தொடங்கப்பட்டதாதலால் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் கிடந்தது. தேடிப் பிடித்து அதன்மேல் அழுத்தினேன். பெயர் கட்டத்துள் வந்து அமர்ந்தது. "அனுப்பு" என்ற பொத்தானை அழுத்தினேன். பக்கம் ஒரு கணம் வெள்ளையாகி மீண்டது. பாடசாலைக் கட்டத்தின் பக்கத்தில் சிவப்பெழுத்தில் ஓர் ஆங்கில வாசகம் தோன்றியிருந்தது. "சரிபார்ப்பில் தவறு: பெறுமதி செல்லுபடியாகாது" என்பது அதன் பொருள்.

மீண்டும் தெரிவு செய்து அனுப்பினேன். மீண்டும் அதே சிவப்பெழுத்து. ஐந்தாவது தடவையின் பின்னர் பக்கத்திலிருந்த பையன் கேட்டான்:

"சேர், நான் நம்மட பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லையெண்டா அது சொல்லுது?"

சிரித்துச் சமாளித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே பொய்யாகப் பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மறுநாள் உரிய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "லிஸ்ட்டில இருக்கிறதத்தான் தெரிவு செய்யணும் சேர். நீங்களா டைப் பண்ணினா எடுக்காது. மற்ற ஸ்கூல்கள் எல்லாம் அனுப்பிட்டாங்களே" என்றார் ஒருவர். அவர் பொய் சொல்லவில்லை. மற்றப் பாடசாலைகள் அனுப்பியிருந்தன. நானும் பொய் சொல்லவில்லை. பட்டியலிலிருந்துதான் தெரிவு செய்தேன். பொய் சொல்லாத இருவருக்கிடையே ஒரு பிள்ளையின் விண்ணப்பம் நின்றுகொண்டிருந்தது.

*

எனது ராத்தாவின் மகன் கொழும்பில் மென்பொருள் எழுதுபவன். பெருநாள் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"மாமா, அவங்கட புரோகிராம நான் பார்க்கல்ல. அதனால இதுதானெண்டு சத்தியம் பண்ணேலாது. ஆனா இந்த வருத்தம் எனக்குத் தெரியும். நானும் ஒருக்கா இதே பிழைய விட்டு ரெண்டு நாள் நித்திரையில்லாம இருந்திருக்கன்."

லெப்டொப்பைத் திறந்து சிறிய உதாரணமொன்றை எழுதிக் காட்டினான். அவன் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில், கணனி அறியாத வாசகர்களுக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறேன்.

ஜாவா என்றொரு கணனி மொழி 1995 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அலுவலகங்களின் இணைய விண்ணப்பங்கள் பல அதில் எழுதப்படுகின்றன. அவ்வாறான பக்கங்களை அமைப்பதற்கென ஜாவாசேர்வர் ஃபேசஸ் எனும் சட்டகம் 2004 இல் வெளிவந்தது. நான் கண்ட சிவப்பெழுத்து வாசகம் அந்தச் சட்டகத்துக்கே உரியதாம்.

நாம் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது தூரத்திலுள்ள சேர்வர் கணனி தனது தரவுக் களஞ்சியத்திலிருந்து பாடசாலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் ஞாபகத்தில் ஒவ்வொரு பொருளாக உருவாக்குகிறது. ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஓர் இலக்கமும் ஒரு பெயரும் இருக்கும். ஆனால் எமது திரைக்கு அந்தப் பொருள் வருவதில்லை. அதன் இலக்கமும் பெயரும் வெறும் எழுத்துக்களாகவே வருகின்றன. பக்கத்தை அனுப்பியதும் சேர்வர் தான் உருவாக்கிய பொருட்களைக் கைவிட்டு விடுகிறது. அடுத்து யாரோ ஒருவரின் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது.

நாம் தெரிவு செய்து அனுப்பும்போது திரும்பிச் செல்வது ஓர் இலக்கம் மாத்திரமே. உதாரணமாக 131 என்று வைத்துக்கொள்வோம். சேர்வர் அந்த இலக்கத்தைப் பார்த்து, அதற்குரிய பாடசாலையைப் புதிதாக ஒரு பொருளாக உருவாக்குகிறது. பின்னர் பட்டியல் முழுவதையும் மறுபடி உருவாக்குகிறது. பட்டியலிலுள்ள ஒவ்வொன்றிடமும், "வந்திருக்கும் இவர் நீர்தானா?" என்று வரிசையாகக் கேட்கிறது. ஒன்றாவது "ஆம்" என்றால் விண்ணப்பம் உள்ளே போகும். எல்லாமே "இல்லை" என்றால் சிவப்பெழுத்து.

"ஏன் கேக்கணும்? பட்டியலக் குடுத்தது அதுதானே?" என்று நான் கேட்டேன்.

"கேக்கத்தான் வேணும் மாமா. பக்கம் உங்கட கைக்கு வந்தபிறகு அதுக்குள்ள இருக்கிற இலக்கத்த யாரும் மாத்தி அனுப்பலாம். பட்டியலில இல்லாத ஒண்ட நுழைக்கலாம். கேக்காம விட்டா அதுதான் பிழை."

ஆக, கேள்வி கேட்பது குற்றமன்று. கேள்விக்கு யார், எதை வைத்துப் பதில் சொல்கிறார் என்பதில்தான் வினை இருக்கிறது.

*

இரண்டு பொருட்கள் "சமம்" என்று சொல்வதற்கு ஜாவாவில் இரு வழிகள் உள்ளன. ஒன்று இரட்டைச் சமன் குறி. பொருட்களை ஒப்பிடுகையில் அது கேட்கும் கேள்வி, "இரண்டும் ஞாபகத்தில் ஒரே இடத்தில் இருக்கும் ஒரே பொருள்தானா?" என்பது. மற்றையது ஈக்குவல்ஸ் எனும் செயன்முறை. "இடம் வேறாயினும் இரண்டும் ஒன்றைத்தான் குறிக்கின்றனவா?" என்று கேட்பதற்காக அது இருக்கிறது. ஆனால் எந்த அம்சத்தை வைத்து ஒன்று என்று கொள்வது என்பதை, அந்தப் பொருளின் வகுப்பை எழுதுபவர்தான் எழுதிவைக்க வேண்டும். அவர் ஒன்றும் எழுதாவிட்டால் ஈக்குவல்ஸும் இரட்டைச் சமன் குறி கேட்கும் கேள்வியையே கேட்கும். நேற்று உருவாகிய எமது பாடசாலையும் இன்று உருவாகிய எமது பாடசாலையும் இலக்கத்தாலும் பெயராலும் ஒன்றாயிருந்தாலும், இடம் வேறாதலால் அவை அந்நியர்கள்.

இந்த இடத்தில் எனது மனம் சற்று நின்றது. யாரும் எதையும் சொல்லாதவிடத்து, எல்லோரும் எல்லோருக்கும் அந்நியர் என்பதே இயல்பு நிலை. இன்னார் இன்னாரே என்று ஏற்றுக்கொள்வதற்கு யாரோ ஒருவர் முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்க வேண்டும். கணனியின் இந்தக் குணம் எமது அலுவலகங்களுக்கும் உண்டு என்பதை அடையாள அட்டையின்றி அலைந்தவர்கள் அறிவார்கள்.

"அப்ப அந்த அலுவலகத்தில ஒண்டும் எழுதல்லையா?"

"எழுதாம விட்டிருந்தா ஒரு ஸ்கூலும் அனுப்பியிருக்கேலா. மற்ற ஸ்கூல்கள் அனுப்பியிருக்கு எண்டா எழுதியிருக்காங்க. ஆனா அரைகுறையா எழுதியிருக்காங்க. உங்கட ஸ்கூல் பட்டியலில எத்தனையாவது?"

"நூத்தி முப்பதுக்குப் பக்கத்தில இருக்கும்."

"இதப் பாருங்க" என்றான்.

ஜாவாவில் முழு எண்ணையும் ஒரு பொருளாக வைத்திருக்கலாம். இன்டீஜர் என்பது அதன் பெயர். சிறிய எண்கள் அடிக்கடி தேவைப்படுவதால் -128 முதல் 127 வரையான 256 எண்களையும் அந்த மொழி முன்கூட்டியே செய்து தட்டில் அடுக்கி வைத்திருக்கிறது. சாதாரண எண்ணொன்று தானாகவே பொருளாக மாறும் வசதி 2004 இல் ஜாவாவின் ஐந்தாம் பதிப்போடு வந்தது. இந்தத் தட்டும் அப்போதே விதியானது. 127 ஐ இரண்டு தடவை கேட்டால் தட்டிலுள்ள ஒரே 127 தான் இரண்டு தடவையும் கையில் வரும். 128 ஐ இரண்டு தடவை கேட்டால் வழமையில் புதிதாகச் செய்யப்பட்ட இரண்டு 128 கள் வரும்.

பாடசாலையின் ஈக்குவல்ஸை எழுதியவர் இலக்கங்களை ஒப்பிடும்போது ஈக்குவல்ஸைப் பாவிக்காமல் இரட்டைச் சமன் குறியைப் போட்டுவிட்டால் என்ன நடக்கும்? முதலாவது பாடசாலைக்குச் சரி. ஐம்பதாவதுக்குச் சரி. நூற்றியிருபத்தேழாவதுக்கும் சரி. நூற்றியிருபத்தெட்டிலிருந்து எல்லாம் தவறு. 128 என்பது 128 அன்று என்று கணனி சாதிக்கும்.

எனது கண் முன்னால் மருமகன் அதை இயக்கிக் காட்டினான். 127 க்கு "ட்ரூ" என்றது. 128 க்கு "ஃபோல்ஸ்" என்றது. முப்பது வருடம் கணக்குப் படித்தவனும் படிப்பித்தவனுமாகிய நான் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதியவர் கெட்டவரல்லர். சோம்பேறியும் அல்லர். எழுதி முடித்ததும் சோதித்தும் பார்த்திருப்பார். ஆனால் எதை வைத்துச் சோதித்திருப்பார்? பட்டியலைத் திறந்ததும் கண்ணில் படும் முதற் பெயர்களை வைத்து. அவை நகரத்துப் பெரிய பாடசாலைகள். அவை எல்லாம் உள்ளே போயின. பட்டியலின் அடிவரை உருட்டிச் சென்று, யாரும் கேள்விப்படாத ஒரு கிராமத்துப் பாடசாலையைத் தெரிவு செய்து பார்க்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. அருகிலிருப்போரிடம் சரியாக நடந்துகொள்ளும் ஒரு விதி தூரத்திலிருப்போரிடமும் சரியாக நடந்துகொள்ளும் என்று நம்பிவிட்டார். இந்த நம்பிக்கை கணனிக்காரர்களுக்கு மாத்திரம் உரியதா என்ன?

*

எதனால் ஒன்று அதுவேயாகிறது என்ற கேள்வி கணனியோடு பிறந்ததன்று. ஜெர்மனியத் தத்துவஞானி லைப்னிட்ஸ், எல்லா அம்சங்களிலும் ஒத்திருந்து எண்ணிக்கையில் மாத்திரம் வேறுபடும் இரு பொருட்கள் இருக்க முடியாது என்று வாதிட்டவர். ஹனோவர் நகரின் ஹெரன்ஹவுசன் தோட்டத்தில், இளவரசி சோஃபியாவின் முன்னிலையில் ஒரு கனவான் முற்றிலும் ஒரே மாதிரியான இரண்டு இலைகளைக் கண்டுபிடித்துக் காட்டுகிறேன் என்று புறப்பட்டு, தோட்டமெல்லாம் அலைந்து தோற்றுப்போன கதையை 1716 இல் சாமுவேல் கிளார்க்குக்கு எழுதிய கடிதமொன்றில் அவர் கூறுகிறார். லைப்னிட்ஸ் சொல்வது சரியெனில் உலகில் ஒவ்வோர் இலையும் தனி இலை. ஆனாலும் மூலிகை பறிப்பவர் இரண்டு துளசி இலைகளையும் "துளசி" என்றே கூடையில் போடுகிறார். அவருடைய காரியத்துக்கு எந்த வேறுபாடு முக்கியம், எது முக்கியமில்லை என்பதை அவர் தீர்மானித்திருக்கிறார்.

பாளி மொழியிலுள்ள மிலிந்த பஞ்ஹ எனும் நூலில் கிரேக்க மன்னன் மிலிந்தனுக்கும் நாகசேன தேரருக்கும் இடையிலான உரையாடல்கள் உள்ளன. அதில் ஒரு மாங்காய்த் திருடன் வருகிறான். பிடிபட்டதும் அவன் சொல்கிறான்: "இந்த மனிதர் நட்டது ஒரு மாங்கொட்டை. நான் பறித்தவை வேறு மாங்காய்கள். இவருடையதை நான் எடுக்கவில்லை." அவன் குற்றவாளிதானா என்று தேரர் கேட்கிறார். குற்றவாளிதான் என்கிறான் மன்னன். நட்ட அந்த மாங்காயிலிருந்தல்லவா இந்த மாங்காய்கள் வந்தன? பொருள் வேறுதான், ஆயினும் தொடர்ச்சி அறுபடவில்லை. திருடனின் தர்க்கம் இரட்டைச் சமன் குறியின் தர்க்கம். மன்னனின் தீர்ப்பு ஒழுங்காக எழுதப்பட்ட ஈக்குவல்ஸ்.

ஆங்கிலேய ஞானி ஜோன் லொக் தனது மனித அறிவு பற்றிய பெருநூலின் இரண்டாம் பதிப்பில், 1694 இல், "ஒருமையும் வேறுமையும்" பற்றி ஒரு புதிய அத்தியாயத்தைச் சேர்த்தார். அதில் அவர் சொல்லும் ஒரு கருத்து எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. "ஆள்" என்பது நீதிமன்றத்துக்குரிய ஒரு சொல் என்கிறார் அவர். இன்ன காரியத்தைச் செய்தவன் இவனே என்று சொல்வது, அதற்கான தண்டனையையோ வெகுமதியையோ இவனுக்குக் கொடுப்பதற்காக. அதே ஆள் என்ற தீர்ப்பு ஒரு கடனையோ ஓர் உரிமையையோ ஒருவன் கையில் ஒப்படைக்கிறது.

இதை வாசித்தபோதுதான் நான் முன்னர் ஒத்திவைத்த காரியத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்று உணர்ந்தேன்.

*

அந்தப் பையன் முதலாம் தரத்திலிருந்து எமது பாடசாலையில் படித்தவன். ஒன்பதாந் தரத்தின் தொடக்கத்தில் வாப்பா நோயில் விழ, படிப்பை விட்டுவிட்டுப் பக்கத்து நகரத்தில் ஓர் இரும்புக்கடையில் வேலைக்குப் போய்விட்டான். பதினான்கு மாதங்கள். வாப்பா எழுந்து நடமாடத் தொடங்கியதும் திரும்பி வந்தான். அப்போது வகுப்பாசிரியர் நான்தான்.

காலையில் வகுப்பு வாசலில் நின்றான். உயரம் கூடியிருந்தது. கைகளில் துருவின் கறை. நான் இடாப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உன்ட பேர் இடாப்பில இல்லையே" என்றேன். அவன் பெயரின் மேல் சிவப்பு மையால் கோடிழுத்தவனும் நான்தான். அவன் ஒன்றும் பேசவில்லை. சேர்வு இடாப்பில் புதிதாகப் பதிய வைத்தோம். புதிய சேர்விலக்கம் கிடைத்தது. விதி அதுதான் என்று நினைத்தேன். அதில் எனக்கு இப்போதும் பெரிய வருத்தமில்லை.

வருத்தம் மற்றையதில்தான். அதே நாள் இடைவேளையில் அவனைக் கூப்பிட்டு, "எட்டாம் வகுப்பில எடுத்த நூலகப் புத்தகம் எங்க?" என்று கேட்டேன். வீடு மாறியபோது தொலைந்துவிட்டது என்றான். தொலைந்தால் காசு கட்ட வேண்டும் என்றேன். இரும்புக்கடையில் உழைத்த காசில் கட்டினான்.

உதவித்தொகை விண்ணப்பத்தில் "இப்பாடசாலையில் சேர்ந்த திகதி" என்று ஒரு கட்டம் இருந்தது. எத்தனை வருடம் படித்தார் என்பதற்குப் புள்ளிகள் உண்டு. நான் சேர்வு இடாப்பைப் பார்த்துப் புதிய இலக்கத்துக்கு எதிரேயுள்ள திகதியைக் கூசாமல் எழுதினேன். ஒரு வருடமும் சில மாதங்களும் படித்த பிள்ளையாக அவன் ஆகிவிட்டான். முதலாந் தரத்தில் அவனுக்கு அகரம் எழுதக் கற்பித்த ஆசிரியை இன்னும் பக்கத்து வகுப்பில் இருக்கிறார்.

புத்தகக் கடனுக்கு அவன் அதே ஆள். படித்த வருடங்களுக்கு அவன் வேறு ஆள். இரண்டு தீர்ப்பையும் கொடுத்தவன் ஒரே ஆசிரியன். இப்படியிருக்க, "நான் நம்மட பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லையா?" என்று அவன் கணனியைப் பார்த்துக் கேட்டபோது என்னால் எப்படி உண்மையாகச் சிரிக்க முடியும்? கணனிக்கு முன்பே அதை அவனுக்குச் சொன்னவன் நானல்லவா?

*

ஈக்குவல்ஸை எழுதுபவர் பின்பற்ற வேண்டிய நிபந்தனைகளை ஜாவா மொழி வகுத்து வைத்திருக்கிறது. மருமகன் அவற்றைச் சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அவை கணித வகுப்பில் நான் கற்பிக்கும் சமவலுத் தொடர்பின் விதிகளோடு மிக நெருங்கியவை. வாசகர்கள் அவற்றை மனிதர்மேல் வைத்துப் பார்க்கட்டும்.

ஒவ்வொன்றும் தனக்குத் தான் சமமாயிருக்க வேண்டும். இது முதலாவது. அற்பமாகத் தோன்றும் இந்த விதியைத்தான் 128 மீறியது போலத் தெரிந்தது. நான் மீறியதும் இதைத்தான்.

நான் உனக்குச் சமமெனில் நீ எனக்குச் சமமாக வேண்டும். இது இரண்டாவது. இவ்விதி அறியாமல் மீறப்படுவதுண்டாம். பொதுவான வகுப்பொன்றிலிருந்து விசேட வகுப்பொன்றைப் பிரித்தெடுத்து, விசேட வகுப்புக்கு மேலதிக நிபந்தனையைச் சேர்க்கும்போது, பொது வகுப்புப் பொருள் மற்றையதைப் பார்த்து "நீயும் நானும் ஒன்று" என்னும். விசேட வகுப்புப் பொருள் திரும்பிப் பார்த்து "இல்லை" என்னும். உறவிலும் நட்பிலும் இதைக் காணாதவர் யார்?

முதலாமவர் இரண்டாமவருக்கும், இரண்டாமவர் மூன்றாமவருக்கும் சமமெனில், முதலாமவர் மூன்றாமவருக்கும் சமம். இது மூன்றாவது. "கிட்டத்தட்ட ஒன்று" என்று தளர்த்திவிட்டால் இவ்விதி நிலைக்காது. அடுத்தடுத்த இருவருக்கிடையில் சிறு வித்தியாசமே இருந்தாலும் வரிசையின் இரு முனைகளிலும் நிற்போர் முற்றிலும் வேறானவர்களாக இருக்கலாம்.

இன்று சமம் என்றால், அதற்கு ஆதாரமான எதுவும் மாறாதவரை நாளையும் சமம். இது நான்காவது. கேட்பவரின் மனநிலையைப் பொறுத்துப் பதில் மாறக்கூடாது.

ஐந்தாவது, வெறுமையோடு ஒப்பிடச் சொன்னால் "இல்லை" என்று அமைதியாகச் சொல்ல வேண்டும். தடுமாறி விழக்கூடாது.

இவற்றோடு ஹேஷ்கோட் என்று ஒரு துணைக் கடமையும் இருக்கிறது. சமமானவை என்று அறிவிக்கப்பட்ட இரண்டுக்கும் ஒரே அடுக்கிலக்கம் கொடுக்க வேண்டும். ஈக்குவல்ஸை எழுதிவிட்டு இதை எழுதாமல் விட்டால், சமமென்று ஏற்றுக்கொண்டவரையே வேறோர் அலுமாரியில் தேடி, "காணவில்லை" என்று கணனி சொல்லிவிடும். வாயால் ஏற்றுக்கொண்டு ஏட்டில் இடம் கொடுக்காதிருப்பது போன்றது அது.

*

அப்படியானால் பரிசோதனையைத் தளர்த்தி எல்லோரையும் உள்ளே விட்டுவிடலாமே என்று எனக்குள் இருந்த நல்ல மனிதன் சொன்னான். பெயர் ஒத்திருந்தால் போதும் என்று எழுதிவிட்டால் என்ன? மருமகன் தலையசைத்து மறுத்தான். எனது அனுபவமும் மறுத்தது. சில வருடங்களுக்கு முன்னர் எனது வகுப்பில் முதலெழுத்தும் பெயரும் ஒன்றாயிருந்த இரு மாணவிகள் இருந்தனர். தவணைப் பரீட்சையில் ஒருவரின் விஞ்ஞானப் புள்ளி மற்றவரின் அறிக்கையில் ஏறிவிட்டது. திருத்துவதற்குள் ஒரு வீட்டில் அடி விழுந்துவிட்டது. ஒருவரை இருவராக்குவது அநீதியானால், இருவரை ஒருவராக்குவதும் அநீதியே.

மாறக்கூடிய ஒன்றை அடையாளமாகப் பிடிப்பதும் ஆபத்து. முகவரியை வைத்து ஆளை அறிந்தால் வீடு மாறியவர் வேறு ஆளாகிவிடுவார். மாறாது என்று நாம் நம்புபவையும் மாறுவதுண்டு. எமது தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்துமாக இருந்தது. 2016 முதல் பன்னிரண்டு இலக்கங்களாக வழங்கப்படுகிறது. பழைய இலக்கத்தின் முன்னால் 19 ஐச் சேர்த்து, முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு பூச்சியத்தை நுழைத்து, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய இலக்கம் வரும். இந்த விதியை அறிந்த கணனிக்கு இரண்டும் ஒருவரே. அறியாத கணனிக்கு, அட்டையைப் புதுப்பித்த நாளில் ஒருவர் மறைந்து இன்னொருவர் பிறக்கிறார். இரண்டு இலக்கங்களையும் இணைக்கும் அந்த ஒரு வரியை யாரோ ஒருவர் எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே நான் வந்தடைந்த இடம் இதுதான். அதே ஆள்தானா என்ற கேள்விக்கு உலகம் தானாகப் பதில் வைத்திருக்கவில்லை. எந்த அம்சத்தால் ஒருவரை அவரே என்று ஏற்பது என்பதைப் பட்டியலை வைத்திருப்பவர் தீர்மானிக்கிறார். அவர் தீர்மானிக்காமல் விடுவதும் ஒரு தீர்மானமாகவே வேலை செய்கிறது. அதன் பாரம் பட்டியலின் அடியில் இருப்பவர்மீது இறங்குகிறது. மென்பொருள் எழுதுபவர், எழுதுவினைஞர், இடாப்பு வைத்திருக்கும் ஆசிரியர் எல்லோரும் இந்த வகையில் ஒரே தொழிலைச் செய்கிறோம். எமக்கு வசதியான பக்கத்தில் ஓர் அளவுகோலும் வசதியற்ற பக்கத்தில் வேறோர் அளவுகோலும் வைத்திருப்போமானால், எம்மைவிட 128 இல் தடுமாறும் கணனி நேர்மையானது. அது எல்லா 128 களுக்கும் ஒரே பதிலையாவது சொல்கிறது.

*

மருமகன் ஒரு பக்கத்தில் விளக்கமெழுதித் தந்தான். அதை அலுவலகத்துக்கு அனுப்பினேன். சில வாரங்களின் பின் ஒருவர் பேசி, சரிசெய்துவிட்டதாகச் சொன்னார், நன்றியும் சொன்னார். அவ்வருடத்து முடிவுத் திகதி அதற்குள் கடந்திருந்தது. மறு வருடம் மீண்டும் விண்ணப்பித்தோம். பட்டியலின் அடியிலிருந்த எமது பாடசாலை முதல் அழுத்தலிலேயே உள்ளே போனது. இம்முறை, சேர்ந்த திகதியாக அவன் முதலாந் தரத்தில் சேர்ந்த நாளை எழுதி, இடைவெளியையும் மறைக்காமல் குறித்தேன். உதவித்தொகை கிடைத்தது. ஒரு வருடம் பிந்தி.

அந்த விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்னர் அதிபரிடம் அனுமதி பெற்றுச் சேர்வு இடாப்பை எடுத்தேன். அவனுடைய புதிய இலக்கத்துக்கு எதிரே பழைய இலக்கத்தை எழுதினேன். மூடப் போனபோது மருமகன் சொன்ன இரண்டாவது விதி ஞாபகம் வந்தது. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, முதலாந் தரத்தில் அவன் சேர்ந்த நாளின் பக்கத்தைத் தேடியெடுத்து, அங்கேயும் பழைய இலக்கத்துக்கு எதிரே புதிய இலக்கத்தை எழுதினேன். அதிபர் இரண்டு இடத்திலும் ஒப்பமிட்டார்.